மாற வேண்டியது எது? ஓபினெல் மடக்குக் கத்தியும் வடிவத் திருத்தம் பற்றிய வாதமும்

ஒரு கருவி நூறாண்டுகளுக்கு மேல் கடைகளில் விற்கிறது என்றால் அதன் வடிவம் முழுமை அடைந்துவிட்டது என்று கொள்ளலாமா? அதன் குறைகள் பழகிப்போய், யாரும் அவற்றைக் குறையாகவே எண்ணாமல் விட்டுவிட்டார்களா? பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயில் 1890-இல் பிறந்த ஓபினெல் மடக்குக் கத்தியைப் பற்றி இந்த இரு கேள்விகளும் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வருகின்றன.

கத்தியின் அமைப்பு மிக எளியது. பீச் மரத்தில் கடைந்த பிடி, மெல்லிய எஃகு அலகு, இரண்டையும் கோக்கும் தறையாணி, பிடியின் கழுத்தை இறுக்கும் பூண், அந்தப் பூண்மேல் சுழன்று அலகைப் பூட்டும் இன்னொரு பூண் என்று மொத்தம் ஐந்தே உறுப்புகள். அதிகம் புழங்கும் 8-ஆம் எண் கத்தியின் அலகு 8.5 செ.மீ. நீளம். எடை 50 கிராமுக்கும் குறைவு. ஐரோப்பாவில் விலை 15 யூரோவை ஒட்டி இருக்கும். உழவர், மலையேறிகள், மாலுமிகள், சமையற்காரர்கள் என்று பலரும் இதைச் சட்டைப்பையில் வைத்துப் பழகியவர்கள். 1985-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் உலகின் மிக அழகிய நூறு பொருள்களுள் ஒன்றாக இதைத் தேர்ந்தெடுத்தது.

இத்தனை புகழுக்கு நடுவிலும் புகார்கள் உண்டு. ஈரம் பட்டால் மரம் ஊதி அலகு சிக்கிக்கொள்கிறது. கார்பன் எஃகு துருப்பிடிக்கிறது. திறக்க இரண்டு கைகள் வேண்டும். பூட்டும் பூணைத் திருப்ப மறந்தால் அது இருந்தும் பயனில்லை. ஆகவே வடிவத்தைத் திருத்த வேண்டும் என்று ஒரு சாராரும், தொடவே கூடாது என்று மறு சாராரும் வாதிடுகின்றனர். இந்த வாதங்கள் எங்கிருந்து வந்தன, எவ்வளவு தூரம் செல்லுபடியாகும், எங்கே தளர்கின்றன என்பதை இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது.

மாறாத வடிவம் என்ற நம்பிக்கை

வாதத்தின் இரு தரப்பும் பெரும்பாலும் ஒரே அனுமானத்திலிருந்து தொடங்குகின்றன: 1890 முதல் இந்தக் கத்தி மாறவே இல்லை. ஆதரிப்போருக்கு அது பெருமை. எதிர்ப்போருக்கு அது தேக்கம். வரலாறு இந்த அனுமானத்தைத் தாங்கவில்லை.

சேன்-ழான்-த-மொரியென் நகரை அடுத்த மலைக்கிராமப் பகுதியில் விவசாயக் கருவிகள் அடித்துத் தந்த கொல்லர் குடும்பத்தில் 1872-இல் பிறந்தவர் ஜோசப் ஓபினெல். பதினெட்டு வயதில் அவர் செய்த முதல் மடக்குக் கத்தியில் பூட்டு கிடையாது. மரத்துக்கும் அலகுக்கும் இடையிலான உராய்வே அலகை நிறுத்தி வைத்தது. தறையாணி ஏறும் இடத்தில் மரம் பிளக்காதிருக்க ஒரு பூண் இருந்தது, அவ்வளவே. 1897-இல் அவர் 1 முதல் 12 வரை எண்ணிட்ட பன்னிரண்டு அளவுகளை வரிசைப்படுத்தினார். 1930-களில் 1-ஆம் எண்ணும் 11-ஆம் எண்ணும் கைவிடப்பட்டன. 11-ஆம் எண் தன் இருபுறமும் இருந்த அளவுகளுக்கு மிக நெருக்கமாக இருந்ததே காரணம். மகுடம் சூடிய கை என்ற முத்திரை 1909 முதல் அலகில் பொறிக்கப்படுகிறது.

பெரிய மாற்றம் 1955-இல் வந்தது. வேலையின் நடுவே அலகு மடங்கி விரலை வெட்டும் ஆபத்தைத் தடுக்க, மார்செல் ஓபினெல் சுழலும் பூணைச் சேர்த்தார். விரோப்ளாக் என்று பெயர் பெற்ற அந்தப் பூணில் ஒரு பிளவு உண்டு. பிளவு அலகுக்கு நேராக நின்றால் கத்தி திறக்கும், மடங்கும். பூணைச் சற்றுத் திருப்பிவிட்டால் அலகின் அடிப்பகுதி உலோக வளையத்தில் முட்டி நின்றுவிடும். 6-ஆம் எண்ணும் அதற்கு மேற்பட்டவையும் இந்தப் பூட்டைப் பெற்றன. 2000-இல் இதே பூண், மடித்த நிலையிலும் அலகைப் பூட்டும்படி திருத்தப்பட்டது. பைக்குள் கத்தி தானாகத் திறந்துகொள்ளும் அச்சம் இதனால் நீங்கியது.

ஆக, கத்தி மாறியிருக்கிறது. ஆனால் மாறிய விதத்தில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. இயக்கத்தில் நேர்ந்த இரண்டு மாற்றங்களும் குறிப்பிட்ட ஓர் ஆபத்துக்கு விடையாக வந்தவை. இரண்டும் ஏற்கெனவே இருந்த பூணைச் சார்ந்தே அமைந்தன; பழைய உறுப்பு எதையும் அவை நீக்கவில்லை. தொடாதே என்பவர்களும் புதுப்பி என்பவர்களும் இந்த ஒழுங்கைப் போதிய அளவு கவனிப்பதில்லை.

முதல் நிலை: தொடக்கூடாது

பாதுகாக்க வேண்டும் என்போரின் வலுவான சான்று அலகின் வடிவம். 8-ஆம் எண் அலகின் முதுகு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பு உடையது. இன்றைய கனரக மடக்குக் கத்திகள் பலவற்றில் முதுகு மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடித்திருக்கும். ஓபினெல் அலகு முதுகிலிருந்து வாய் வரை சீராக மெலிந்து, வெட்டுவாயை நெருங்குகையில் லேசாக வளைகிறது. ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், கயிறு, மரச்சீவல் என அன்றாட வேலைகளில் அலகு பொருளை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்க வேண்டும். தடித்த அலகு ஆப்பிளைப் பிளக்கும். மெல்லிய அலகு அரியும்.

இது வெறும் ரசனை சார்ந்த கருத்தாகத் தெரியவில்லை. கத்தியின் கூர்மையையும் அது நீடிக்கும் காலத்தையும் அளக்க, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள கட்ரா ஆய்வு நிறுவனத்தின் வெட்டுச் சோதனை பன்னாட்டுத் தரமாகவே ஏற்கப்பட்டுள்ளது. எஃகு ஆய்வாளர் லாரின் தாமஸ் 2020-இல் வெளியிட்ட கத்திப் பொறியியல் நூலில், இத்தகைய சோதனைகளில் வெட்டுவாயின் கோணம் குறையக் குறைய வெட்டுத்திறன் கணிசமாக உயர்வதை விளக்கியிருக்கிறார். விலையுயர்ந்த எஃகு தரும் நன்மையைத் தடித்த வாய் வீணாக்கிவிட முடியும். எளிய எஃகின் குறையை மெல்லிய வாய் பெருமளவு ஈடுகட்டவும் முடியும். ஓபினெலின் அலகு இந்த அளவுகோலில் இன்றும் பின்தங்கியதாகச் சொல்ல இடமில்லை.

இரண்டாவது சான்று எளிமை. சுருள்வில்லோ திருகோ இல்லாததால் உடைந்து நிற்கக்கூடியவை குறைவு. சாதாரணச் சாணைக்கல்லில் யாரும் தீட்டிக்கொள்ளலாம். பிடி உறுத்தினால் மரத்தை இழைத்துத் தன் கைக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம். ஜப்பானின் யனாகி சோயெத்சு 1920-களில் முன்வைத்த நாட்டுக் கைவினைச் சிந்தனையின் சாயலை இந்த வாதத்தில் காணலாம். அன்றாடப் புழக்கத்துக்கென, மலிவாக, பெருமளவில் செய்யப்படும் பொருளில் புழக்கமே அழகைச் செதுக்குகிறது என்பது அவர் நோக்கு.

இந்த நிலைக்கு மூன்று பலவீனங்கள் உண்டு. முதலாவது, அலகின் சிறப்பைக் கொண்டு பிடியின் சிறப்பை நிறுவ முடியாது. ஓர் உறுப்பு நன்றாக இருப்பதால் எல்லா உறுப்புகளும் நன்றாக இருக்கும் என்பது தர்க்கமாகாது. இரண்டாவது, மேலே கண்டபடி, இந்த வடிவம் மாறாமல் இருந்ததால் நிலைக்கவில்லை, மாறியும் நிலைத்தது. மூன்றாவது, நீடித்து விற்பது வடிவத்தின் தகுதிக்கு மட்டுமே சான்றாகாது. விலை, ஊர்ப் பெருமை, பழக்கம், சட்டம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன.

மூன்றாவது பலவீனத்தைத் தெளிவாகக் காட்டுவது ஜப்பானின் ஹிகோனோகாமி. ஓபினெல் தோன்றிய அதே 1890-களில், ஹியோகோ மாநிலத்து மிகி நகரில் பிறந்த மடக்குக் கத்தி அது. மடித்த தகட்டுப் பிடி, ஓர் ஆணி, பின்னால் கட்டைவிரல் அழுத்தும் சிறு நெம்பு, பூட்டு இல்லை. ஓபினெலைவிடவும் எளிய அமைப்பு. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த அந்தக் கத்தி, 1960-இல் அரசியல் தலைவர் அசனுமா இனெஜிரோ குத்திக் கொல்லப்பட்டதை அடுத்துப் பரவிய, சிறுவர் கையில் கத்தி வேண்டாம் என்ற இயக்கத்தால் பெரிதும் சரிந்தது. பென்சில் சீவும் பொறிகளும் அதன் இடத்தைப் பிடித்தன. இன்று அப்பெயரில் கத்தி செய்யும் பட்டறை ஒன்றே மிகியில் எஞ்சியிருக்கிறது. வடிவம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், அதை வாழவைப்பதும் வீழ்த்துவதும் வடிவத்துக்கு வெளியே உள்ள காரணங்களாகவும் இருக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது.

இரண்டாம் நிலை: பொருள் மாற வேண்டும்

வடிவம் இருக்கட்டும், செய்பொருளை மாற்றுங்கள் என்பது அடுத்த நிலை. இதில் எஃகு, மரம் என இரு கிளைகள் உண்டு. இரண்டின் கதியும் வேறு வேறு.

எஃகைப் பொறுத்தவரை வாதம் ஏறத்தாழ முடிந்துவிட்டது எனலாம். மரபான அலகு எக்ஸ்.சி.90 என்ற கார்பன் எஃகு. இதில் கார்பன் 0.9 சதவீத அளவில் உள்ளது. எளிதில் கூராகும், நுண்ணிய வாயைத் தாங்கும். ஆனால் எலுமிச்சை, தக்காளி, ஆப்பிள் போன்ற புளிப்புப் பொருள்கள் பட்டால் கறுக்கும், துடைக்காமல் விட்டால் துருவேறும். இதற்கு மாற்றாக சுவீடனின் சான்ட்விக் நிறுவனத்துத் துருப்பிடிக்காத எஃகிலும் நெடுங்காலமாகக் கத்திகள் கிடைக்கின்றன. கார்பன் குறைவாகவும் குரோமியம் மிகுதியாகவும் உள்ள அந்த எஃகும் மெல்லிய வாய்க்கு ஏற்றது. துடைத்துப் பராமரிப்பவர் ஒன்றையும், அதற்கு நேரமில்லாதவர் மற்றொன்றையும் தேர்ந்துகொள்கின்றனர்.

இன்னும் ஒருபடி மேலே போய், தூள் உலோகவியல் முறையில் செய்யப்படும் உயர்வகை எஃகுக்கு மாற வேண்டும் என்போரும் உண்டு. 2001-இல் அமெரிக்காவின் குரூசிபிள் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.30.வி. போன்றவை இவ்வகை. இவற்றில் உள்ள வனேடியம் கார்பைடு துகள்கள் மிகக் கடினமானவை. அதனால் கூர் நெடுநாள் நிற்கிறது. அதே காரணத்தால் சாதாரணச் சாணைக்கல் அவற்றைத் தேய்க்கத் திணறுகிறது. வைரத்துகள் பதித்த கல் தேவைப்படுகிறது. விலையும் பல மடங்கு ஏறுகிறது. கத்தி வைத்திருப்பவரே தீட்டிக்கொள்ள வேண்டும் என்ற கொள்கையில் எழுந்த ஒரு கருவிக்கு இது முன்னேற்றமா என்பது ஐயத்துக்குரியது.

மரத்தின் கதை வேறு. ஓபினெலின் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான மடக்குக் கத்திகளில் அலகு உலோகத் தகடுகளுக்கு நடுவே சுழல்கிறது. ஓபினெலில் மரப்பிடியில் அறுத்த பிளவின் இரு கன்னங்களே அலகை நேரடியாகத் தாங்குகின்றன. அதாவது, இங்கே மரம் பிடியாகவும் இருந்து சுழல்தாங்கியாகவும் உழைக்கிறது. ஈரம் ஏறினால் கன்னங்கள் ஊதி அலகை நெருக்குகின்றன. நகம் வைத்து இழுத்தாலும் அலகு வராது. சவோய் மக்கள் இதற்குக் கண்ட கைவைத்தியம், பிடியின் பின்முனையைக் கடினமான ஏதாவது ஒன்றின்மீது தட்டி அலகை வெளியே துள்ளவைப்பது. அந்தத் தட்டுக்கே அவர்களின் ஊர்ப்பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. தீர்வு ஒரு வழக்கமாகவே நிலைபெறும் அளவுக்குச் சிக்கல் அடிக்கடி நேர்ந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

பீச் மரம் கடைய எளிது, மலிவு, நுண்ணிய இழையுடையது, ஐரோப்பிய மலைக்காடுகளில் நிறைய வளர்வது. ஆனால் ஈரத்துக்கு மிக அசைந்துகொடுக்கும் மரங்களில் அதுவும் ஒன்று. பச்சை நிலையிலிருந்து முழுதும் உலரும்போது, ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஐரோப்பிய பீச் சுமார் 12 சதவீதம் சுருங்குகிறது. தேக்கில் அந்த அளவு 5 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஐரோப்பிய வால்நட்டில் ஏறத்தாழ 7.5 சதவீதம். நாள்தோறும் ஏறி இறங்கும் ஈரத்தால் நேரும் அசைவு இதில் சிறு பங்குதான். என்றாலும் அலகுக்கும் மரத்துக்கும் இடைவெளியே இல்லாத இணைப்பில் அந்தச் சிறு பங்கும் போதும்.

பிளவைச் சற்று அகலமாக அறுத்தால் என்ன என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் வறண்ட பருவத்தில் மரம் சுருங்கி அலகு ஆடத் தொடங்கும். இறுக்கினால் மழைக்காலத்தில் சிக்கும்; தளர்த்தினால் கோடையில் ஆடும். ஆகவே ஒரே அளவுப் பிளவு எல்லாத் தட்பவெப்பத்துக்கும் பொருந்தாது. பயன்படுத்துவோர் கன்னங்களை உப்புத்தாளால் தேய்க்கின்றனர், ஆளிவிதை எண்ணெய் ஊட்டுகின்றனர், மெழுகு பூசுகின்றனர். இவை சிக்கலைத் தணிக்கின்றன. தீர்த்துவிடுவதாகச் சொல்ல முடியாது.

மாற்றாகச் சொல்லப்படுபவை மூன்று. செயற்கை இழைப் பிடி ஈரத்துக்கு அசையாது. ஆனால் அதை இழைத்துக் கைக்கேற்பத் திருத்துவது கடினம், மரத்தின் ஒட்டுதலும் அதில் இல்லை. பிசின் ஊட்டி உறுதிப்படுத்திய மரம் அசைவைக் குறைக்கும், விலை கூடும். மரத்துக்குள் மெல்லிய உலோகத் தகடு பதிப்பது பொறியியல்படி நேரான தீர்வு. ஆனால் உறுப்புகளும் எடையும் செலவும் கூடி, ஐந்து உறுப்புக் கத்தி என்ற அடிப்படையே கலைந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு நன்மைக்கு ஒரு விலை கேட்கிறது.

மூன்றாம் நிலை: இயக்கம் மாற வேண்டும்

1960-களிலிருந்து அமெரிக்காவில் மடக்குக் கத்தியின் இலக்கணமே மாறத் தொடங்கியது. 1964-இல் வெளிவந்த பக் 110, முதுகில் அழுத்தித் திறக்கும் வலுவான பூட்டால் பெயர் பெற்றது. 1981-இல் ஸ்பைடர்கோ நிறுவனம் அலகில் வட்டத் துளையிட்டு, கட்டைவிரல் ஒன்றாலேயே திறக்க வழி செய்தது. சட்டைப்பையின் விளிம்பில் மாட்டும் கொக்கியையும் சேர்த்தது. அதே காலத்தில் மைக்கேல் வாக்கர் செம்மைப்படுத்திய உட்தகட்டுப் பூட்டு, ஒரே கையால் திறந்து ஒரே கையால் மூடவும் உதவியது. இவற்றில் பழகியவருக்கு, நகப்பள்ளத்தில் நகம் வைத்து இழுத்து, பிறகு பூணைத் திருப்பும் ஓபினெல் முறை மெதுவாகத் தோன்றுவது இயல்பே.

ஒற்றைக் கையால் திறப்பதற்கான வாதத்தை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. கொடியை ஒரு கையில் பிடித்தபடி கவாத்துச் செய்பவர், பாய்மரக் கயிற்றைப் பற்றியிருக்கும் மாலுமி, மலையில் கயிற்றில் தொங்குபவர் ஆகியோருக்கு மறுகை ஓய்வாக இருப்பதில்லை. இதைவிட அழுத்தமானது உடல் சார்ந்த காரணம். ஒரு கையை இழந்தவர், மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர், நகம் வலுவற்ற முதியவர் ஆகியோரால் ஈரமேறிய ஓபினெலைத் திறக்க முடியாமல் போகலாம். பெரிய அளவுகளில் அலகின் முதுகு பிடிக்கு வெளியே தெரிவதால் விரலால் கிள்ளி இழுக்கலாம் என்பது பதிலாகச் சொல்லப்படுகிறது. மரம் உலர்ந்திருக்கும்போது மட்டுமே அது பொருந்தும்.

இயக்கத்தைத் துணிந்து மாற்றியதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. 1961 முதல் வழங்கிவந்த அலுமினியப் பிடிக் கத்திக்குப் பதிலாக, சுவிஸ் ராணுவம் 2008-இல் புதிய சிப்பாய்க் கத்தியைத் தேர்ந்தது. நீளம் 93-இலிருந்து 111 மில்லிமீட்டராகக் கூடியது. ஒற்றைக் கையால் திறக்கும், பூட்டிக்கொள்ளும் அலகு வந்தது. மர ரம்பம் சேர்ந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு பழகிய வடிவத்தை, பயன்படுத்துவோரின் தேவையை முன்வைத்து ஓர் அரசே மாற்ற முடியும் என்பதை இது காட்டியது.

எதிர்வாதமும் கவனிக்கத்தக்கது. ஓபினெலின் பூட்டில் வில் இல்லை. ஆகவே வில் தளர்ந்து பூட்டு நழுவும் வாய்ப்பில்லை. அழுக்கு புகுந்தாலும் பூண் சுழலும். அதைவிட முக்கியமான சிக்கல் இன்னொன்று. ஒற்றை விரலால் தள்ள வேண்டுமானால் அலகு தடையின்றிச் சுழல வேண்டும். மரக்கன்னங்களின் உராய்வில் அது இயலாது. ஆகவே கட்டைவிரல் முளை ஒன்றைச் சேர்ப்பதுடன் வேலை முடியாது. உலோகத் தகடும் வளையங்களும் இறுக்கித் தளர்த்தும் திருகும் பின்தொடர்ந்து வரும். தடையின்றிச் சுழலும் அலகு பைக்குள் தானே திறக்காதிருக்க வேறொரு தடுப்பும் வேண்டும். ஒரு திருத்தம் நான்கு திருத்தங்களை இழுத்துவரும்போது, மிஞ்சுவது திருந்திய ஓபினெலா, அந்தப் பெயர் தாங்கிய வேறு கத்தியா என்ற கேள்வி எழுகிறது.

நான்காம் நிலை: சட்டமும் சமூகமும்

கத்தியின் வடிவத்தைப் பொறியாளரும் பயனரும் மட்டும் தீர்மானிப்பதில்லை. கடந்த நாற்பது ஆண்டுகளில் சட்டம் அதில் வலுவான பங்காளியாகிவிட்டது.

இங்கிலாந்திலும் வேல்சிலும் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின்படி, வெட்டுவாய் மூன்று அங்குலத்துக்கு, அதாவது 7.62 செ.மீ.க்கு மிகாத மடக்குக் கத்தியைத் தனிக்காரணம் இன்றியே பொது இடத்தில் வைத்திருக்கலாம். ஆனால் திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும் கத்தி இந்த விலக்குக்குள் வராது என்று 1990-களில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவாக, விரலைக் காக்க 1955-இல் வந்த பூணே இங்கே குறையாகிறது. 7 செ.மீ. அலகுடைய 6-ஆம் எண் கத்தி நீளத்தில் தப்பினாலும் பூட்டில் மாட்டிக்கொள்கிறது.

ஜெர்மனியில் நிலை தலைகீழ். அங்கே 2008-இல் ஆயுதச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு, ஒற்றைக் கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைத் தக்க காரணமின்றி எடுத்துச் செல்வதைத் தடுத்தது. இரண்டு கைகளால் திறக்கும் ஓபினெல் அந்தப் பிரிவின் பிடியில் சிக்கவில்லை. அதே ஆண்டில் தேர்வான சுவிஸ் சிப்பாய்க் கத்தியின் அமைப்போ அதற்குள் விழுந்தது. இயக்கத்தை மாற்றச் சொல்பவர்கள் குறையாகக் கண்டது ஓரிடத்தில் காப்பாகிவிட்டது. ஓரெல்லையில் பூட்டு தடை, மறு எல்லையில் வேகம் தடை என்னும்போது, எல்லா நாட்டுச் சட்டத்துக்கும் ஏற்ற ஒரே வடிவம் என்பது எட்டாத இலக்காகவே தோன்றுகிறது.

முனையைப் பற்றியும் கேள்வி உண்டு. 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் மருத்துவர்கள் சிலர், நீண்ட கூர்முனைச் சமையல் கத்திகளின் விற்பனையைத் தடுக்க வேண்டும் என்று எழுதினர். அவர்கள் பேசியது சமையலறைக் கத்திகளைப் பற்றியே. என்றாலும் முனை உண்மையில் தேவையா என்ற கேள்வி அதன்பின் மடக்குக் கத்திகளையும் தொட்டது. கத்திகள் மீதான கட்டுப்பாடுகள் இறுகுவதைச் சுட்டி, அலகே இல்லாத பைக்கருவிகளை உருவாக்கி வருவதாக விக்டோரினாக்ஸ் நிறுவனம் 2024-இல் அறிவித்தது.

சட்டத்தை முன்வைத்து வடிவத்தைத் திருத்த வேண்டும் என்ற நிலைக்கும் பலவீனம் உண்டு. சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன, காலத்துக்கேற்ப மாறுகின்றன. ஜெர்மனியே 2024-இல் பொது விழாக்களில் கத்திகளுக்கான தடையை மேலும் இறுக்கியது. ஒரு சட்டப்பிரிவுக்கென வெட்டித் தைத்த வடிவம், அந்தப் பிரிவு திருத்தப்பட்டதும் பொருளிழந்துவிடும்.

ஐந்தாவது வழி: நடுத்தண்டை விட்டுக் கிளை பரப்புதல்

தயாரிப்பாளர் இந்த வாதங்களுக்கு நேரடியாக விடை சொன்னதில்லை. மரபு வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் புதியவற்றைச் சேர்ப்பதே அவர்கள் கண்ட வழி. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான வகையில் செயற்கை இழைப் பிடியும் ஊதலும் உண்டு. சிறுவர்களுக்கான 7-ஆம் எண்ணில் முனை உருண்டிருக்கிறது. காளான் பறிப்பவருக்குத் தூரிகை வைத்த கத்தி, தோட்டக்காரருக்கு மடக்கு ரம்பம், பீச்சுக்குப் பதில் வால்நட், ஆலிவ், ஓக் பிடிகள் என்று பட்டியல் நீள்கிறது. பக் 110-ஐச் செய்யும் நிறுவனமும் பித்தளைப் பட்டைகள் கொண்ட மூல வடிவத்தை நிறுத்தாமல், எடை குறைந்த வகைகளை அதன் அருகே வைத்திருக்கிறது.

இந்த வழியின் நன்மை தெளிவு: யாரிடமிருந்தும் எதுவும் பறிக்கப்படுவதில்லை. குறையும் தெளிவு: நடுத்தண்டின் சிக்கலை அது தள்ளிப்போடுகிறது. கிளைகள் எத்தனை பெருகினாலும், மரக்கன்னங்களுக்கு நடுவே அலகு சுழலும் அடிப்படை இணைப்பு மரபு வடிவத்தில் அப்படியே இருக்கிறது. அதிகம் அறியப்பட்டதும் எளிதில் கைக்குக் கிடைப்பதும் அந்த வடிவமே.

கோட்பாடுகள் சொல்வது

வடிவங்கள் ஏன் மாறுகின்றன என்பதற்குப் பொறியியலாளர் ஹென்றி பெட்ரோஸ்கி 1992-இல் வெளியிட்ட நூலில் ஒரு விடை தந்தார். பயனுள்ள பொருள்கள் தேவையால் வளர்வதைவிட, பயன்பாட்டில் கண்ட தோல்விகளால்தான் வளர்கின்றன என்பது அவர் கருத்து. 1955-ஆம் ஆண்டுப் பூணும் 2000-ஆம் ஆண்டுத் திருத்தமும் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டுகள். ஆனால் ஊதும் மரம் நூறாண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட தோல்வி. அது ஏன் மாற்றத்தைத் தூண்டவில்லை என்பதற்கு இந்தக் கோட்பாடு மட்டும் போதிய விளக்கம் தருவதாகத் தெரியவில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப உதவுபவர் ஆங்கிலேயக் கைவினைஞரும் ஆசிரியருமான டேவிட் பை. ஒரு பொருளிடம் நாம் கேட்பவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஆகவே எந்த வடிவமும் ஏதாவது ஒரு வகையில் தோற்றே தீரும். அந்தத் தோல்வியை எந்த இடத்தில் வைப்பது என்பதே வடிவமைப்பவரின் தெரிவு என்று அவர் வாதிட்டார். ஓபினெல் தன் தோல்வியை ஈரத்தில் வைத்திருக்கிறது. அதற்கு ஈடாக மலிவையும் எடைக்குறைவையும் பயனரே பழுது பார்க்கும் வசதியையும் பெற்றிருக்கிறது. எல்லாப் பயனர்களுக்கும் இந்தப் பண்டமாற்று நியாயமானதா என்பதே உண்மையான கேள்வி.

மதிப்பீடு

திருத்த வேண்டுமா, வேண்டாமா என்று கத்தி முழுவதற்கும் ஒரே விடை தேடுவதே இந்த வாதத்தை இத்தனை காலம் முட்டுச்சந்தில் நிறுத்தியிருக்கிறது எனலாம். உறுப்பு உறுப்பாகக் கேட்டால் விடைகள் பிரிகின்றன.

அலகின் வடிவத்தைத் திருத்தக் கட்டாயமான காரணம் தென்படவில்லை. வெட்டுச் சோதனைகள் காட்டும் திசையும் அதற்கு ஆதரவாகவே உள்ளது. எஃகைப் பற்றிய வாதம் இரு வகை அலகுகள் கிடைப்பதால் பெரும்பாலும் தணிந்துவிட்டது. பூட்டு தன் வேலையைச் செய்கிறது. அதற்கு எதிரான வலுவான வாதம் பொறியியலிலிருந்து வரவில்லை, சில நாடுகளின் சட்டத்திலிருந்து வருகிறது. சட்டத்துக்காக மூல வடிவத்தை மாற்றுவதைவிட, அந்தந்த நாட்டுக்கு ஏற்ற வகையைத் தருவது நிதானமான வழியாகப் படுகிறது.

அலகும் மரமும் சந்திக்கும் இணைப்பைப் பற்றி இதே உறுதியுடன் பேச முடியாது. அது உண்மையான குறை. எண்ணெய் ஊட்டத் தெரிந்தவருக்கும் பிடியைத் தட்டத் தெரிந்தவருக்கும் அது சிறியது. விரலில் வலுவில்லாதவருக்கு அது கத்தியையே எட்டாததாக்குகிறது. பழக்கத்தால் சரிக்கட்டிக்கொள்ள முடிந்தவர்களின் அனுபவத்தை மட்டும் வைத்துக் குறையின் அளவை எடைபோடுவது நியாயமாகாது. திருத்தம் கோருவோரின் வாதங்களில் மிக வலுவானது, வேகத்தை முன்வைப்பது அன்று. யார் யாரால் இதைத் திறக்க முடிகிறது என்று கேட்பதே.

கடந்தகால மாற்றங்களிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்ளலாம். திருத்தம் ஒரு குறிப்பிட்ட குறைக்கு விடையாக இருக்க வேண்டும். சாதாரணக் கல்லில் தீட்டிக்கொள்ளும் வசதியையும் விலையையும் அது குலைக்கக் கூடாது. முடிந்தவரை இருக்கும் உறுப்புகளைக் கொண்டே அமைய வேண்டும். இந்த அளவுகோலில் ஒற்றைக் கை இயக்கம் இப்போதைக்குத் தேறவில்லை. ஈரத்துக்குக் குறைவாக அசையும் மரத்தையோ, கன்னங்களின் உட்புறத்துக்கு மட்டும் நிலையான பூச்சையோ மூல வகையில் புகுத்துவது தேறக்கூடும்.

திறந்தே நிற்கும் கேள்விகள் இரண்டு. ஆறாவது உறுப்பு ஒன்று சேராமல், மரம் ஊதும் சிக்கலை மரத்தைக் கொண்டே தீர்க்க முடியுமா என்பது முதலாவது. அது பட்டறையில் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டிய விடை. நகத்தையும் விரல் வலுவையும் நம்பாமல் திறக்கும் வழியை, ஒற்றைக் கை வேகத்துக்குப் போகாமலே, சட்டத்தின் கண்ணில் படாமலே உண்டாக்க முடியுமா என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை கிடைக்கும்வரை, இந்த வடிவம் முழுமையானது என்ற தீர்ப்பும் காலாவதியானது என்ற தீர்ப்பும் சான்றுகள் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டியவையாகவே இருக்கும்.